சொருகினால் நம்பிவிடும்

பட்டா நகலும் கரண்ட் பில் ரசீதும் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில், பாரிவாக்கம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏறி பென் டிரைவை நீட்டினேன். கடைக்காரர் சொருகினார். திரையைப் பார்த்தவர், "சார், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிக் கிடக்கு. வைரஸ். ஒரு நிமிஷம் இருங்க" என்றார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, 'அட்ரிப்' என்று தொடங்கும் நீளமான கட்டளையைக் கீபோர்டைப் பார்க்காமலே அடித்தார். காணாமல் போன கோப்புகள் திரும்பி வந்தன. பிரிண்டும் வந்தது.

"இது என் வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்து வந்ததா, இல்ல இங்கயே ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டேன்.

"அது யாருக்கு சார் தெரியும்? காலையில இருந்து நாப்பது பேரு சொருகியிருப்பாங்க."

நியாயமான பதில்தான். சொம்பில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கப் பழகியவர்கள் நாம். பென் டிரைவ் என்று வந்தால் மட்டும் நாற்பது பேரும் ஒரே சொம்பில் வாய் வைத்துக் குடிக்கிறோம்.

அந்த ஷார்ட்கட் வைரஸின் வேலை மிக எளிது. நம் உண்மையான ஃபோல்டர்கள் மேல் 'மறைத்தது', 'சிஸ்டத்துக்குச் சொந்தம்' என்று இரண்டு அடையாளங்களைக் குத்தி, கண்ணில் படாமல் செய்துவிடும். அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். நாம் அதைத் தட்டினால் முதலில் வைரஸ் ஓடும். அடுத்த நொடி நம் ஃபோல்டரையும் மரியாதையாகத் திறந்து காட்டும். எல்லாம் சரியாக நடப்பதுபோல் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கடைக்காரர் அடித்த கட்டளை அந்த இரண்டு அடையாளங்களையும் அழிக்கிறது, அவ்வளவுதான். வைரஸ் கோப்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு காலத்தில் தட்டக்கூட வேண்டியதில்லை. பென் டிரைவைச் சொருகியதும் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டிவிடும் 'ஆட்டோரன்' என்ற வசதி விண்டோஸில் இருந்தது. 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் புழு அந்த வழியிலும் பரவியது. விண்டோஸ் 7 வந்தபோது பென் டிரைவுக்கு ஆட்டோரனை எடுத்தார்கள். 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் அனுப்பி நிறுத்தினார்கள். கதவு தானாகத் திறக்காமல் போனதும், நம் விரலை வைத்தே திறக்கச் செய்யும் தந்திரம் பெருகியது.

இதெல்லாம் விண்டோஸின் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஆனால் சங்கதி அதற்கும் கீழே, பென் டிரைவைச் சொருகும் யு.எஸ்.பி. துளையிலேயே (போர்ட்) இருக்கிறது.

யு.எஸ்.பி. முதல் தர வரையறை வெளிவந்தது 1996 ஜனவரியில். இன்டெல்லில் அதற்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் அஜய் பட், குஜராத்தின் வடோதராவில் படித்தவர். அதற்கு முன்பு கீபோர்டுக்கு ஒரு வடிவ முனை, மவுசுக்கு ஒன்று, பிரிண்டருக்குத் திருகாணி வைத்து இறுக்கும் அகலமான ஒன்று. எதை மாட்டினாலும் சிஸ்டத்தை அணைத்துப் போட வேண்டியிருக்கும். இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் யு.எஸ்.பி. எதைக் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பிறவி லட்சியம். அது குறையாகப் போகும் என்று அன்று யாரும் கவலைப்படவில்லை.

கையில் ஒரு பழைய பென் டிரைவ் இருந்தால் முனையை உற்றுப் பாருங்கள். நான்கு தகடுகள். ஓரத்து இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு, நடு இரண்டும் டேட்டாவுக்கு. ஓரத்துத் தகடுகள் சற்றே நீளமாக இருக்கும். சொருகும்போது முதலில் மின்சாரம் சேர்ந்து, பிறகு டேட்டா சேர வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மின்சாரம் கிடைத்ததும் உள்ளிருக்கும் சில்லு விழித்து, 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக ஒரு டேட்டா கம்பியின் வோல்டேஜைத் தூக்கிக் காட்டும். 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். 'நீ யார்?' என்று கேட்கும். வந்தது சில எண்களைச் சொல்லும்: தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், எந்த வகை என்பதற்கு ஓர் எண். வகை 8 என்றால் சேமிப்புச் சாதனம். 3 என்றால் கீபோர்டு, மவுஸ் போல மனிதர் கை வைத்து இயக்குவது.

சொன்னது உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. கல்யாண வீட்டு வாசலில் 'மாப்பிள்ளை வீடு' என்று சொன்னால் பன்னீர் தெளித்துப் பந்தியில் உட்காரவைப்பார்களே, அப்படி.

2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் இதைப் போட்டு உடைத்தார்கள். சாதாரண பென் டிரைவில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் நிரலையே மாற்றி எழுதி, அதை 'நான் கீபோர்டு' என்று சொல்லவைத்தார்கள். கீபோர்டிலிருந்து வருவதைக் கம்ப்யூட்டர் முதலாளியின் கை என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் பென் டிரைவ், கண் இமைக்கும் நேரத்தில் கட்டளைகளை 'தட்டச்சு' செய்துவிடுகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் பேட்-யு.எஸ்.பி. ஃபார்மட் செய்தாலும் இது போகாது. ஃபார்மட் அழிப்பது கிடங்கில் இருப்பதை; கெட்டுப்போனது கிடங்கின் காவலாளி. ஆன்டிவைரஸும் கிடங்கைத்தான் சோதிக்கும்.

யார் போய் தெரியாத பென் டிரைவைச் சொருகப் போகிறார்கள் என்று தோன்றும். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வளாகமெங்கும் 297 பென் டிரைவுகளைப் போட்டுவைத்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறக்குறைய எல்லாவற்றையுமே யாரோ எடுத்துப் போனார்கள். 45 சதவீதத்தில் இருந்த கோப்புகள் திறந்து பார்க்கப்பட்டன. முதல் பென் டிரைவ் ஒரு கம்ப்யூட்டருக்குள் போக ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் திறந்தவர்களும் அதில் உண்டு. படித்தவர்கள்தான், வளாகமே படிப்பவர்களுக்கானதுதான்.

இணையமே வேண்டாம், முக்கியமான கம்ப்யூட்டர்களைத் தனித் தீவாக வைத்துவிடலாம் என்பது பாதுகாப்புக்காரர்களின் பழைய வைத்தியம். தீவுக்கும் படகு வேண்டுமே. ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டு ஆலை அப்படி ஒரு தீவு. அதைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் புழுவை 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டு ஆன்டிவைரஸ் நிறுவனம் ஒன்று கண்டுபிடித்தது. பென் டிரைவில் ஏறிவந்த ஸ்டக்ஸ்நெட்டுக்கு, ஷார்ட்கட்டைத் தட்டக்கூட வேண்டாம். அதன் படம் திரையில் தெரிந்தாலே போதும். நம் ஜெராக்ஸ் கடை வைரஸுக்குப் பெரியப்பா முறை. சைமன்டெக் நிறுவனம் 2010 செப்டம்பர் கடைசியில் எடுத்த கணக்கில் உலகம் முழுக்க அது தொற்றியிருந்தது ஏறத்தாழ ஒரு லட்சம் கம்ப்யூட்டர்களில். ஈரான் முதலிடம், இந்தோனேசியா இரண்டாமிடம், 5,000க்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களோடு இந்தியா மூன்றாமிடம். நம்மை யாரும் குறிவைக்கவில்லை. கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது.

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையம் செய்தியில் அடிபட்டது நினைவிருக்கும். அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு தகவல் தந்ததாகவும், தீநிரல் புகுந்தது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த வலைப்பின்னலில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் என்றும், முக்கியமான உள் வலைப்பின்னல் அதிலிருந்து தனித்தது என்றும் இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. முந்தின நாள் கூடங்குளம் நிலையம் மறுத்திருந்தது வேறு விஷயம். பிரித்துவைத்தது நல்லது. ஆனால் பிரித்துவைத்த இரண்டு வலைப்பின்னல்களுக்கு நடுவே எந்த ஊரிலும் கோப்பைச் சுமந்து போகும் வண்டி பெரும்பாலும் பென் டிரைவ்தான்.

அணு உலை தூரத்தில் இருக்கிறது. ஏ.டி.எம். தெருமுனையில் இருக்கிறது. போர்ட் பாதுகாப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஏ.டி.எம். என்பது இரண்டு அடுக்குப் பெட்டி. கீழடுக்கில் பணம், கனமான எஃகுப் பெட்டகம், நம்பர் பூட்டு. கடப்பாறையோடு வருபவனை நினைத்துச் செய்தது. மேலடுக்கில் திரை, கார்டு வாங்கும் கருவி, அவற்றுக்குப் பின்னால் ஒரு சாதாரண கம்ப்யூட்டர். அந்த மேலடுக்கு வெறும் தகரமும் பிளாஸ்டிக்கும். 'நூறு நோட்டு எண்ணி வெளியே தள்ளு' என்று கீழே உள்ள இயந்திரத்துக்கு உத்தரவு போடுவது இந்த மேலடுக்குக் கம்ப்யூட்டர். நகையை இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, சாவியை ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஆணியில் மாட்டியதுபோல்.

2010 ஜூலையில் பார்னபி ஜாக் என்ற நியூசிலாந்துக்காரர் இரண்டு ஏ.டி.எம்.களை மேடையில் ஏற்றி, நோட்டுகளைக் கொட்டவைத்துக் காட்டினார். ஒன்றைத் தொலைவிலிருந்து. மற்றொன்றை, இணையத்தில் விலைக்குக் கிடைத்த சாவியால் மேல்மூடியைத் திறந்து யு.எஸ்.பி. போர்ட்டில் சொருகி. அந்த மாடல் இயந்திரங்களுக்கெல்லாம் ஒரே சாவிதான். 2013 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் நிஜத் திருட்டையே விவரித்தார்கள்: ஐரோப்பிய வங்கி ஒன்றின் ஏ.டி.எம்.களில் உறையைத் துளைபோட்டு, உள்ளே இருக்கும் போர்ட்டில் பென் டிரைவைச் சொருகி, நிரலை ஏற்றிவிட்டு, துளையை அடைத்துப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு சாவகாசமாக வந்து ரகசிய எண்ணைத் தட்டிப் பணத்தை அள்ளினார்கள். பெட்டகத்தில் ஒரு கீறல் இல்லை.

நம் நாட்டில் இதற்கு ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டது. பலருக்குத் தெரியாது. ஆனால் தொழில்நுட்ப ஆவணம் என்ற முறையில் அது படிக்க ருசியானது. கம்ப்யூட்டர் கிளம்பும்போதே கேட்கும் பயாஸ் கடவுச்சொல், யு.எஸ்.பி. போர்ட்டை முடக்குவது, ஆட்டோரனை நிறுத்துவது, இவற்றை 2018 ஆகஸ்டுக்குள் செய்ய வேண்டும். அனுமதித்த நிரல் தவிர வேறெதுவும் ஓடாத ஏற்பாடு 2019 மார்ச்சுக்குள். ஆதரவு முடிந்துபோன விண்டோஸ்களை மாற்றும் வேலை 2019 ஜூனுக்குள் நூறு சதவீதம். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில்! ஜெராக்ஸ் கடையில் நாற்பது பேர் வாய் வைத்த அதே மாதிரித் துளையை, நம் பணத்தை எண்ணித் தரும் பெட்டியில் அடைக்கச் சொல்லி மத்திய வங்கியே தேதி குறிக்க வேண்டியிருந்தது.

அடைப்பது எப்படி? பாரிவாக்கத்துக்கு வடக்கே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அதற்கான ஆராய்ச்சி நிறுவனமும்; இன்னொரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் டேட்டா சென்டர்களும். இந்த வட்டாரத்தில் காலையில் செக்யூரிட்டியிடம் பையைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். வாசலில் பென் டிரைவைப் பிடுங்கிவைப்பது முதல் வழி. போர்ட்டுக்குள் பிளாஸ்டிக் அடைப்பானைத் திணித்து, அதற்கென்ற சாவியால் மட்டும் எடுக்கும்படி செய்வது இரண்டாவது. பசையை ஊற்றி நிரந்தரமாக மூடிய அலுவலகங்களும் உலகில் உண்டு. ஆனால் கீபோர்டும் மவுசும் இன்று யு.எஸ்.பி.யில்தானே வருகின்றன? எல்லாத் துளையையும் மூட முடியாது. மவுசைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் வேறொன்றைச் சொருகலாம். ஆகவே மென்பொருள் காவலும் வேண்டும். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் ஹைதராபாத்தில் உருவாக்கிய 'யு.எஸ்.பி. பிரதிரோத்' அந்த வகை. பதிவு செய்த பென் டிரைவைத் தவிர மற்றதைத் திறக்கவிடாது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா மையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பேட்-யு.எஸ்.பி. போல எண்ணையே மாற்றிச் சொல்லும் சாதனத்திடம் இந்த வகைக் காவல்கள் திணறும். இருந்தாலும் கடைத்தெரு வைரஸுக்கு அது போதும்.

டேட்டாவைத் திருடத்தான் போர்ட் வழியாக வருவார்கள் என்று இல்லை. 2019 பிப்ரவரி 14 அன்று, அமெரிக்காவின் ஆல்பனி நகரில், இந்தியாவிலிருந்து போய்ப் படித்த முன்னாள் மாணவர் ஒருவர் தன் பழைய கல்லூரிக்குள் நடந்து 66 கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகக் கொன்றார். அதைத் தன் போனில் படமும் எடுத்துக்கொண்டார். கையில் இருந்தது பென் டிரைவ் வடிவிலான 'யு.எஸ்.பி. கில்லர்'. போர்ட் தரும் 5 வோல்ட்டை வாங்கி, மின்தேக்கிகளில் இருநூறு வோல்ட் அளவுக்குச் சேர்த்து, டேட்டா கம்பிகள் வழியாகத் திருப்பி அடிக்கும். ஒரு நொடியில் பல முறை. நீதிமன்றம் 12 மாதச் சிறையும் 58,471 டாலர் இழப்பீடும் விதித்தது. உபசாரம் செய்தவன் கையிலேயே வாங்கித் தின்று அவன் கன்னத்தில் அறைவதுபோன்ற வேலை.

தெரியாமல் நடக்கும் கொலையும் உண்டு. ரிச்சி தெருவிலோ பஸ் நிறுத்தத்திலோ வாங்கும் டைப்-சி கேபிளுக்குள் பொட்டு அளவில் ஒரு மின்தடை இருக்க வேண்டும். ஒரு முனை பழைய அகல வடிவமும் மறுமுனை டைப்-சியுமாக உள்ள கேபிளில் அது 56 கிலோ ஓம். 'இது பழைய வகைப் போர்ட், அளவாகக் குடி' என்று போனுக்குச் சொல்வது அதன் வேலை. காசை மிச்சம் பிடிக்கிற, அல்லது விவரம் தெரியாத தயாரிப்பாளர் 10 கிலோ ஓம் போட்டால், '3 ஆம்பியர் இழுத்துக்கொள்' என்று பொருளாகிவிடும். அரை ஆம்பியருக்குச் செய்த போர்ட்டில் 3 ஆம்பியர் இழுத்தால் சூடாகும், கருகவும் செய்யும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015இல் இத்தகைய கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, கம்பி மாற்றிப் பற்றவைத்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே எரித்துவிட்டது. ஐம்பது ரூபாய் கேபிளால் அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப் போகும் என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை.

ஒரு நல்ல செய்தி: டைப்-சி போர்ட்டில் தேயக்கூடிய வில்தகடுகளைக் கேபிளின் பக்கம் தள்ளிவிட்டார்கள். லூசாகிவிட்டது என்று தோன்றினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய அகல யு.எஸ்.பி. முனைக்கு 1,500 முறை சொருகி எடுக்கும் ஆயுள் என்றால் டைப்-சிக்கு 10,000.

விமான நிலையத்துச் சார்ஜிங் போர்ட்டில் போனை மாட்டினால் டேட்டா போய்விடும் என்கிறார்களே? 'ஜூஸ் ஜாக்கிங்' என்ற இந்தச் சொல் 2011இலிருந்து இருக்கிறது. ரிசர்வ் வங்கியும் 2022இல் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியது. என் கருத்தில் இது அளவுக்கு மீறிய பயம். போன்கள் இப்போது 'இந்தச் சாதனத்தை நம்பலாமா?' என்று கேட்கின்றன. அந்தக் கேள்விக்குச் சார்ஜரே 'ஆம்' என்று தட்டிவிடும் தந்திரத்தை ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2025இல் காட்டினார்கள் என்பதும் உண்மை. போன் நிறுவனங்கள் அப்டேட் போட்டு அடைக்கத் தொடங்கின. சொந்த அடாப்டரைச் சுவர்ப் பிளக்கில் மாட்டிக்கொண்டால் இந்தப் பேச்சே எழாது. அந்தப் பிளக்கில் டேட்டா கம்பி கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை போகும் விமான நிலையத்துக்குப் பயப்படுகிறோம், வாரம் ஒரு முறை போகும் ஜெராக்ஸ் கடையை மறந்துவிடுகிறோம்.

அண்ணாந்து குடிக்க வழி இருக்கிறது. பழைய மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் மூலையில் ஒரு சின்ன நகர்த்தி இருந்தது. அதைத் தள்ளிவிட்டால் படிக்கலாம், எழுத முடியாது. பெரும்பாலான பென் டிரைவுகளில் அது இல்லை; எழுதத் தடைபோடும் பொத்தான் உள்ளவை இன்றும் சில விற்கின்றன, தேடித்தான் வாங்க வேண்டும். மைக்ரோ எஸ்.டி. கார்டை நுழைக்கும் அடாப்டரின் பக்கவாட்டில் 'லாக்' என்ற நாக்கு இருக்கும். கார்டு ரீடர் அதன் இடத்தைப் பார்த்து எழுதாமல் விடும். தடை கார்டுக்குள் இல்லை என்பதால் ரீடரின் நேர்மையைப் பொறுத்தது, ஆனாலும் வெறும் பென் டிரைவுக்கு எவ்வளவோ மேல். நான் இப்போது அந்த அடாப்டரில் பிரிண்ட் எடுக்க வேண்டிய கோப்பை மட்டும் வைத்து எடுத்துப் போகிறேன்.

கடைக்காரரின் நிலைமை அப்படி இல்லை. அவர் எல்லாருடைய சொம்பையும் வாங்கியே ஆக வேண்டும். அவருக்கு உதவக்கூடியது லினக்ஸ், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது; சென்னை சி-டாக்கில் உருவானது. என் அக்கா மகன் நான்கு வருடத்தில் அந்த லினக்ஸை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. ஆனால் விண்டோஸ் ஷார்ட்கட் லினக்ஸில் ஓடாது. அந்த வைரஸ் அங்கே வெறும் கோப்பாக, பல்லைப் பிடுங்கிய பாம்பாகக் கிடக்கும். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சிஸ்டத்தில் ஏதாவது ஒரு லினக்ஸைப் போடுங்கள், காசு கிடையாது. வாடிக்கையாளர் தரும் பென் டிரைவை அதில் மட்டும் சொருகுங்கள். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.